நான்காவது திருகாணி

எலியேசர் ஹாரனின் ரப்பர் பந்தை மறுபடியும் அமுக்கினான். ஒரு கையால் அல்ல, இரண்டு கையாலும் சேர்த்து, கோழிக் கழுத்தைத் திருகுகிற வேகத்தில் அமுக்கினான். சத்தம் வரவில்லை. பித்தளைக் குழலின் விரிந்த வாய் வழியே காற்று மட்டும் வந்து அவன் முழங்கையில் பட்டது. அந்தக் காற்று குளிர்ந்திருந்தது. பெட்ரோலும் பழைய குதிரைச் சாணமும் வெயிலில் காய்ந்த ஓடும் சேர்ந்து மணக்கும் அந்த லாயத்துக்குள், அது மட்டும் ஊறிப்போன கோரைப்புல்லின் நாற்றத்தோடு வந்தது.

"சவத்து மூதி" என்று ஹாரனைத் திட்டிவிட்டு முழங்கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த இடம் ஈரமாகிவிட்டது.

மணி நான்கு. ஐந்துக்குப் போலீஸ் ஏட்டு வந்துவிடுவார்.

பாளையங்கோட்டையில் வக்கீல் அருமைநாயகம் வீட்டுக் கொல்லையில் இருந்த அந்தக் குதிரை லாயம், போன வருஷம்தான் மோட்டார் கொட்டகையாக மாறியது. மிஷன் பட்டறையில் கதவுக் கீல்களுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த எலியேசரை மதராஸுக்கு அனுப்பி, மோட்டார் ஓட்டப் பழகவைத்து, காக்கிக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் மாட்டி உட்காரவைத்தவர் வக்கீல். உட்காரவைத்தவருக்கு இறக்கிவிடவும் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால் கன்னடியன் கால்வாயில் மாட்டுவண்டி கவிழ்ந்து ஒரு பெண் செத்துப்போனதிலிருந்து ஏட்டு கண்டிப்பாக இருந்தார். ஹாரன் ஊதினால்தான் அந்த மோட்டார் வாசலைத் தாண்டலாம். இன்று ஐந்து மணிக்கு அவரே வந்து ஊதிப் பார்ப்பார். ஆறரை மணி ரயிலைப் பிடிக்கவேண்டிய வக்கீல் காலையிலேயே லாயத்து வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டார்.

"ஏட்டு வாரதுக்குள்ள இது ஊதணும்லே எலியேசரு. ஊதலன்னா அந்தக் கோட்டக் கழட்டி அந்தா ஆணியில மாட்டிட்டு, பைய நடையக் கட்டு."

மாட்டிவிட்டு எங்கே போவது? ஜில்லாவில் மோட்டார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அத்தனை பேரும் ஒரே கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர்கள். ஒருவர் துரத்தினால் இன்னொருவர் சேர்க்கமாட்டார். மறுபடியும் பட்டறை. மறுபடியும் கீல். "என்ன வே, மோட்டார் டிரைவரு வந்துட்டீரா" என்று பழைய கூட்டாளிகள் இழுத்து இழுத்துக் கேட்பது இப்போதே காதில் விழுந்தது. எலியேசருக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. வக்கீல் மேல், ஏட்டு மேல், இந்தப் பித்தளைச் சனியன் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டுவண்டிக்காரன்கள் மேல்.

எல்லாம் அவர்களால் வந்தது. மோட்டார் வந்த நாளிலிருந்து அந்த ரோட்டில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. இரண்டு வயல் தள்ளி வரும்போதே டிரைவர் ஹாரன் ஊதவேண்டும். அந்திநேரத்து வண்டிகளில் வண்டிக்காரன் தூங்கிக்கொண்டுதான் இருப்பான். வழி மாட்டுக்குத் தெரியும். சத்தம் கேட்டு எழுந்து, பைய இறங்கி, தோளில் கிடக்கும் துண்டை விரித்து மாடுகளின் கண்ணை மறைத்துப் பிடிப்பான். அதுவரை மோட்டார் காத்திருக்கவேண்டும். இருபது வண்டி வந்தால் இருபது தடவை. மோட்டார், மாட்டுக்குக் காத்திருப்பது!

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். போன மாதம் பத்தமடை விலக்கில் மோட்டார் சேற்றில் புதைந்தபோது நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கோரை ஏற்றி வந்த பூதத்தான் என்கிற வண்டிக்காரன் தன் மாடுகளை அவிழ்த்துக் கட்டி மோட்டாரை இழுத்து வெளியே போட்டான். சுற்றிலும் சந்தைக்கூட்டம். மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பூதத்தான் சொன்னான்: "ஒம்ம வண்டி நல்லாத்தான் ஊதுது வே. நடக்கத்தான் மாட்டேங்கு." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்சீட்டில் வக்கீலும் சிரித்தார். அதற்குப் பிறகு எந்த வண்டியைக் கடந்தாலும், எவனாவது ஒருவன் உதட்டைக் குவித்து ஹாரன் மாதிரி ஊதிக் காட்டாமல் இருந்ததில்லை.

செத்தவள் அந்தப் பூதத்தானின் பெண்சாதி. மாரித்தாய்.

சரி, அது விதி. ஏட்டிடம் நடந்ததை நடந்தபடி சொல்லியாகிவிட்டது. வக்கீலை அம்பாசமுத்திரத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, சேரன்மகாதேவியிலேயே ஹாரன் செத்துவிட்டது. குழலின் கழுத்துக்குள் இருக்கும் பித்தளை நாக்கு, காற்றுப் பட்டு அதிர்ந்து சத்தம் கொடுக்கிற அந்த மெல்லிய தகடு, குண்டும் குழியுமான ரோட்டில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. ஹாரனே இல்லாத மோட்டார் எப்படி மாட்டை மிரட்டும்? மாடுகள் விளக்கு வெளிச்சத்துக்கு மிரண்டு ஓடி வண்டியைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டன. ஏட்டு தன் கையால் பந்தை அமுக்கிப் பார்த்தார். ஊதவில்லை. எழுதிக்கொண்டு போனார்.

நேற்று ஒரு பழைய விளக்கின் பித்தளையைத் தகடாக வெட்டி, மயிரிழை கனத்துக்கு அரம் போட்டு, புது நாக்கு செய்தான். வாயில் வைத்து ஊதினால் கணீரென்று ஊதுகிறது. குழலுக்குள் பொருத்தினால் ஊமை.

ஏன்?

பந்தைக் கழற்றி வாளித் தண்ணீருக்குள் முக்கினான். ஓட்டை இருந்தால் குமிழி வரும். அமுக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை. கையை எடுத்ததும் பந்து தன் வாய் வழியாகத் தண்ணீரை இழுத்தது. அது சரிதான், எந்தப் பந்தும் இழுக்கும். ஆனால் இழுத்து நிறைந்த பிறகும் அது நிறுத்தவில்லை. தாகத்தோடு வந்த மாடு தொட்டியில் வாய் வைத்ததைப்போல ஒரே சீராக உறிஞ்சிக்கொண்டிருந்தது. வாளியின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரு விரற்கடை, ஒரு சாண் என்று இறங்கியது. எலியேசர் வெடுக்கென்று அதை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து அமுக்கினான்.

ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"வாளி ஒழுகுது" என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டு, வாளியைக் காலால் எத்தி நகர்த்தினான். அதன் அடியில் தரை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"அண்ணாச்சி."

லாயத்து வாசலில் பூதத்தான் நின்றான். இடது கையை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது. நெற்றியில் மைல்கல் கிழித்த காயத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. வெளியே ஐப்பசி மாத மேகம் இறங்கி, நாலரை மணி வெளிச்சம் ஏழு மணி மாதிரி மங்கிப்போயிருந்ததால், அவன் எவ்வளவு நேரமாக அங்கே நின்றான் என்று தெரியவில்லை.

"என்னலே வேணும்? எல்லாந்தான் ஏட்டுகிட்ட சொல்லியாச்சே."

பூதத்தான் உள்ளே வரவில்லை. வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தானாம். வண்டி தூக்கியெறிந்ததில் மைல்கல்லில் தலை மோதி நினைவு தப்பிவிட்டதாம். முழித்தபோது கூட்டம் கூடியிருந்தது, கோரைக் கட்டுகளுக்கு அடியிலிருந்து அவளை எடுத்துக் கரையில் போட்டிருந்தார்கள், டிரைவர் மோட்டார் பக்கத்தில் நின்றார். அதற்கு முந்தி நடந்ததைக் கண்ட ஆள் அவர் ஒருவர்தானே.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அவ ஏதாவது கூப்புட்டாளா அண்ணாச்சி?"

"சத்தமே இல்ல. விழுந்ததும் போயிட்டா."

பூதத்தான் தலையாட்டினான். அப்படியானால் கஷ்டப்படவில்லை என்று முணுமுணுத்தான். கண்ணைத் துண்டால் துடைத்தான். ஆனால் போகவில்லை.

"இன்னொண்ணு. எம் மாடு ஒம்ம வெளக்கத் தெனமும் பாக்குது. வெளிச்சத்துக்கு அது மிரண்டதே கெடையாது. மூணு நாளா அதத்தான் யோசிக்கேன்."

எலியேசர் கையிலிருந்த குறட்டை மேசையில் ஓங்கி அடித்தான். மோட்டாரைப் பற்றி மாடு மேய்க்கிறவன் தனக்குச் சொல்லித்தரவேண்டாம் என்றான். ரோட்டை அடைத்துக்கொண்டு தூங்குகிறவன்களுக்கு ரோடு எதற்கு என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். பூதத்தான் எல்லாவற்றையும் நின்று கேட்டான். பிறகு, தூக்கத்தில் ஏதோ ஒரு சத்தம் கேட்டமாதிரி இருக்கிறது, அது ஹாரன்தானா என்று தெரிந்தாகவேண்டும், ஏட்டு வந்து ஊதும்போது கேட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, வாசலுக்கு எதிரே வாகைமரத்தடியில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். லாயத்தைப் பார்த்து.

போகட்டும். உட்காரட்டும்.

பந்தையும் குழலையும் இணைக்கும் வளைந்த குழாயை எடுத்தான். அடைப்பு இருக்கலாம். ஒரு முனையை விரலால் தடவிப் பார்த்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினான். காற்று தாராளமாகப் போனது. அடைப்பில்லை. வாயை எடுக்கப்போகிற நேரத்தில், ஊதிய காற்று திரும்பி வந்தது. பைய. வெதுவெதுப்பாக இல்லை. சில்லென்று. அவன் பல்லிடுக்கிலும் நாக்கின் அடியிலும் கால்வாய்ச் சேறு கரித்தது.

குழாயை வீசியெறிந்தான். காறித் துப்பினான். தரையில் விழுந்த எச்சில் கறுப்பாக இருந்தது.

மழை இன்னும் விழவில்லை. ஆனால் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. லாயத்துக்குள்தான். ஓட்டிலிருந்து இல்லை, பழைய குதிரைத் தொட்டியிலிருந்து இல்லை. எலியேசர் திரும்பினான். மேசையில் ஒருக்களித்துக் கிடந்த பித்தளைக் குழலின் வாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பந்து கழன்று கிடக்கிறது. குழாய் மூலையில் கிடக்கிறது. குழலை ஊதுவார் யாரும் இல்லை. இருந்தாலும் அந்தச் சொட்டுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. மூச்சு வாங்குகிற இடைவெளி.

குழலின் வாய்க்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது.

குறட்டால் பற்றி இழுத்தான். கோரை. ஒற்றைக் கோரை, நன்றாக ஊறியது, பத்தமடைக்காரர்கள் பாய்க்கு ஊறவைக்கிற பதத்தில். ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. குழலே ஒரு முழம்தான். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எவன் செய்த வேலை இது? வண்டிக்காரன்கள்தான். ராத்திரி சுவரேறிக் குதித்து அடைத்து வைத்திருக்கிறான்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். காலடியில் கோரை சுருள் சுருளாக விழுந்து செருப்பை நனைத்தது. கோரையின் கடைசி நுனியில் மயிர் சுற்றியிருந்தது.

நீள மயிர். சிக்குப் பிடித்தது. எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை.

எலியேசர் அதைக் கையிலிருந்து உதறினான். விரலில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் உதறினான். வெளியே பூதத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இது அவன் வேலை இல்லை. ஒற்றைக் கையோடு சுவரேற முடியாது.

கழுத்துதான் பாக்கி. நாக்கு இருக்கிற இடம்.

கழுத்தை மூடியிருந்த வளையத்தில் நான்கு திருகாணிகள். மூன்று நாளில் இரண்டு முறை கழற்றியாகிவிட்டது, இப்போது... இல்லை. ஒரு முறை. நேற்று, புது நாக்குப் போடும்போது. ஒரே ஒரு முறைதான். திருப்புளியை எடுத்தான். முனை திருகாணியில் உட்காராமல் வழுக்கியது. கோபத்தால்தான்.

முதலாவது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

வளையத்தைத் தூக்கினான்.

உள்ளே நாக்கு இருந்தது. அவன் செய்த பளபளப்பான புது நாக்கு இல்லை. பாசி பிடித்து, மண் அப்பி, பச்சையாகக் களிம்பேறிய நாக்கு. அதன் ஓரத்தில் ஒரு வெட்டு. அந்தியிருட்டில் அவசரத்தில் திருப்புளி வழுக்கி விழுந்த வெட்டு. அதை அவனுக்குத் தெரியும். ஏனென்றால் அது எந்த ரோட்டிலும் கழன்று விழவில்லை. அவனே கழற்றினான். அவனே கை வீசி, கன்னடியன் கால்வாயின் நடுவில் எறிந்தான்.

புது நாக்கு வாளிக்குள், தண்ணீருக்கு அடியில் கிடந்து மின்னியது.

வளையத்தை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினான். திருகாணிகளை ஒவ்வொன்றாகப் போட்டு முறுக்கினான். மூச்சிரைக்க முறுக்கினான். நான்கும் ஏறின. இனித் திறக்காது. இனி ஊதவேண்டாம். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடலாம். கீலுக்கு அரம் போடலாம். யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

மேசையின் மறுகோடியில் கிடந்த ரப்பர் பந்து உப்பியது.

யாரும் தொடவில்லை. உப்பியது. ஒட்டியது.

"அண்ணாச்சீ..."

குழல் ஊதவில்லை. கூப்பிட்டது. தண்ணீர் புகுந்த தொண்டையிலிருந்து வரும் குரல், ஒரு பொம்பளைக் குரல், பித்தளையில் பட்டு அதிர்ந்து, லாயத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாகைமரத்தடி வரை போனது. பூதத்தான் எழுந்து நின்றான்.

டிக். முதல் திருகாணி தானாகச் சுழன்று, மேலே வந்து, மேசையில் விழுந்து உருண்டது.

எலியேசர் பந்தின்மேல் பாய்ந்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான். அது அவன் விரல்களை விலக்கிக்கொண்டு உப்பியது. ஈரமாக. கன்னம் மாதிரி மெத்தென்று.

"அண்ணாச்சீ... கையக் குடுங்க..."

இரண்டாவது திருகாணி.

பூதத்தான் வாசலுக்கு வந்துவிட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அழுகை இல்லை. ரொம்ப தூரத்திலிருந்து யாரோ அழைப்பதைக் கேட்கிறவனைப்போலத் தலையைச் சாய்த்திருந்தான்.

"மாரித்தாயி" என்றான். பிறகு எலியேசரைப் பார்த்தான். "சத்தமே இல்லன்னியளே, அண்ணாச்சி."

மூன்றாவது திருகாணி விழுந்தது. இப்போது குரலில் வார்த்தை இல்லை. வெறும் கொப்பளிப்பு.

எலியேசர் பந்தை விட்டான். நான்காவது திருகாணியின் தலைமேல் கட்டைவிரலை வைத்து, உடம்பின் எடையெல்லாம் கொடுத்து அழுத்தினான். இது கழலக் கூடாது. இதற்குப் பிறகு என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கோரைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தவள் மோட்டாரைப் பார்த்ததும் லாந்தரை ஆட்டினாள். கொஞ்சம் நில்லுங்க, இறங்கி மாட்டுக் கண்ணை மறைக்கிறேன் என்று ஆட்டினாள். அவன் நிற்கவில்லை. ஊதாமலே கிட்டே வந்து, மாட்டின் காதோரத்தில் வைத்து, ஆத்திரம் தீர அமுக்கினான். நல்ல ஹாரன். ஒரு பழுதும் இல்லாத ஹாரன்.

கட்டைவிரலுக்கு அடியில் திருகாணி சுழலத் தொடங்கியது. பைய. அவசரமில்லாமல். அன்றைக்கு அவன் அதைச் சுழற்றிய அதே நிதானத்தில். பத்தடி தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், கோரைக்கு அடியிலிருந்து அவள் கையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் ஓயும் வரைக்கும் அவன் சுழற்றிக்கொண்டிருந்த அதே நிதானத்தில்.